தங்கம் பூசிய நீலக் கல்

பிறந்த ஊர் பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் என்று வைத்துக்கொள்வோம்; அமெரிக்காவின் ஆர்கன்சாஸாகவும் இருக்கலாம். பூமிக்கடியில் சுடுநீரில் கரைந்திருந்த சிலிக்கா, பாறை வெடிப்புகளில் படிந்து ஆறு பட்டையும் கூர்முனையுமாக வளர்ந்த கல். நாம் ஸ்படிகம் என்கிறோமே, அதேதான். நிறம் கிடையாது.

நிறம் பட்டறையில் ஏறுகிறது. கழுவிக் காயவைத்த கல்லை, காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் வைத்துச் சூடேற்றுகிறார்கள். உள்ளே டைட்டானியமோ தங்கமோ பிளாட்டினமோ ஆவியாகிக் கல்லின் மேல் படிகிறது. இதில் அவசரம் ஆகாது. 573 டிகிரி செல்சியஸில் குவார்ட்ஸின் உள்ளமைப்பே மாறும். மளமளவென்று சூடேற்றினாலும் ஆறவிட்டாலும் விரிசல் விடும். படியும் பூச்சின் தடிமன், மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்தால் ஓரிரு பங்கு தேறும். அதன் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலக்க, மழைநாளில் பஸ் நிலையத்தில் சிந்திய டீசல்போல ஊதாவும் பச்சையும் புரளும். தங்கம் பூசிய கல் நீலமாகிவிடுவதுதான் வேடிக்கை. அதற்கு ‘அக்வா ஆரா’ என்று பெயர். ‘இயற்கைக் கல்’ என்று விற்பவர் பாதி உண்மை சொல்கிறார்.

கப்பலேறி, ஜெய்ப்பூர் போன்ற கல் சந்தைகளில் கைமாறி, கூரியரில் திருத்தணிக்கு வந்து சேர்கிறது. 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். கடைத்தெருவில் தெலுங்கிலும் பேரம் நடக்கும். படியேறி முருகனைக் கும்பிட்டு வருகிற வீட்டில் இந்தக் கல்லுக்கும் பூஜை மாடத்தில் இடம் கிடைத்துவிடும்.

ஆபத்தும் அங்கேதான். சிதம்பரத்தில் ஸ்படிக லிங்கத்துக்குத் தினமும் அபிஷேகம் நடக்கிறது. ராமேஸ்வரத்தில் விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனம். அதைப் பார்த்துப் பழகிய கை இதற்கும் பால் ஊற்றும், திருநீறு தேய்க்கும், வெள்ளிக்கிழமை விளக்கோடு சேர்த்துப் புளியும் பீதாம்பரியும் போட்டுத் துலக்கும். ஸ்படிகம் தாங்கிக்கொள்ளும். பூச்சு தாங்காது.

தூசியைக்கூட உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது. தெருப்புழுதியில் இருப்பதும் குவார்ட்ஸ் துகள்தான். மோஸ் அளவுகோலில் கடினம் 7. முதலில் ஊதிவிட வேண்டும், அல்லது பூப்போன்ற பிரஷால் தட்ட வேண்டும். அழுக்கு ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு அலசி, பழைய பருத்தி வேட்டித் துண்டால் ஒற்றியெடுத்தால் போதும். எலுமிச்சை, உப்புநீர், நகைக்கடையின் அல்ட்ராசோனிக் தொட்டி மூன்றும் வேண்டாம். செவ்வந்திக்கல் வெயிலில் வெளிறும். இது அப்படி வெளிறாது. ஆனால் கத்திரி வெயிலில் மாடியில் காய்ந்த கல் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் கல்லே விரியலாம். மற்ற கற்களோடு ஒரே டப்பாவில் போட்டால் முனைகள் உரசிப் பூச்சு உதிரும். உதிர்ந்ததை வீட்டில் சரிசெய்ய வழியில்லை.

முழுவதும் உதிர்ந்துபோனால் மிஞ்சுவது ஸ்படிகம். பிறகு அபிஷேகத்துக்குத் தடையில்லை.