பரோயே தீவுகளில் தட்டம்மை (1846)

பரோயே தீவுகள் வட அத்திலாந்திக் பெருங்கடலில் டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்ட தீவுக்கூட்டம் ஆகும். 1846ஆம் ஆண்டு கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்த தச்சர் ஒருவர் மூலம் இங்குத் தட்டம்மை பரவியது. ஏறத்தாழ 7,800 மக்களில் சுமார் 6,000 பேர் சில மாதங்களுக்குள் நோயுற்றனர்.

நோய் தொடாதவர்கள் யார் என்பதை, டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பேனம் ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்தார். இத்தீவுகளில் இதற்கு முன் 1781இல்தான் தட்டம்மை பரவியிருந்தது. அப்போது நோயுற்றுப் பிழைத்த முதியோர் 98 பேரை அவர் கண்டறிந்தார். அவர்களில் ஒருவருக்குக்கூட நோய் மீண்டும் வரவில்லை. 1781இல் தப்பிய முதியவர்களோ இம்முறை நோயுற்றனர். ஆகவே காத்தது முதுமையோ உடல் வலிமையோ அன்று. முன்பு வந்த நோயே. இடையில் 65 ஆண்டுகள் கடந்தும் அப்பாதுகாப்பு குன்றவில்லை.

தப்பியவர்களுள் மற்றொரு பிரிவினரும் இருந்தனர். சில ஊர்களும் வீடுகளும் வெளியார் வரவைத் தடுத்ததால் அங்கிருந்தோருக்கு நோய் எட்டவில்லை. இவர்களுக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை. அடுத்த பரவலில் இவர்களும் நோயுறக்கூடும்.

வைரசு என்னும் நுண்பொருள் அறியப்படாத அக்காலத்தில், கவனமான விசாரிப்பினாலேயே இவ்வேறுபாடு தெளிவாயிற்று. பேனத்தின் ஆய்வு 1847இல் வெளிவந்தது. உடலின் இந்த நோயெதிர்ப்பு நினைவை, நோயின் துன்பமின்றி உண்டாக்குவதே இன்றைய தட்டம்மைத் தடுப்பூசியின் பணியாகும்.