மேகத்துக்கு உப்புப் போட்ட கதை



பூந்தமல்லிக்குப் பக்கத்திலே காட்டுப்பாக்கத்தில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார்: “ஏன் சார், டெல்லியிலே ஏரோப்ளேன் வெச்சு மழை வரவழைக்கப் பார்த்தாங்களாமே, நம்ம பக்கம் அதைச் செஞ்சா என்ன?” செய்து பார்த்தாயிற்று ஐயா என்றேன். அவர் நம்பவில்லை. அங்கிருந்து மேற்கே பஸ் ஏறிப் போகிற தூரம்தான் திருவள்ளூர். அங்கே 50 வருஷத்துக்கு முன்பே நடந்த காரியம் இது.

மேகம் என்பது பொடிப்பொடியான நீர்த்துளிகளின் கூட்டம். ஒவ்வொரு துளிக்கும் நடுவிலே ஒரு தூசியோ, புகைத்துகளோ, கடல் உப்போ கருவாக இருக்கும். அப்படிச் சுமார் பத்து லட்சம் துளிகள் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. புகை மிஞ்சிப் போனால், இருக்கிற ஈரத்தை ஆயிரம் பேர் பங்கு போட்டதுபோல் எல்லாத் துளியும் சிறுத்துப்போய், கீழே விழாமலே நிற்கும். வைக்கோல் கொளுத்துகிற புகைக்கும் இதில் பங்குண்டு. கொஞ்சம் பெரிய உப்புத்துகள் போனால் கதை வேறு. ஐப்பசி மாசம் உப்பு ஜாடி தானே கசிகிறதே, அதுபோல ஈரத்தை இழுத்துப் பெருத்து, பக்கத்துத் துளிகளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும்.

இதை நம்பித்தான் 1957 முதல் 1966 வரை டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் பக்கங்களில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தார் தரையிலிருந்தே உப்புத் தூவிப் பார்த்தார்கள். பிறகு புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையம் இதைக் கையில் எடுத்தது. திருவள்ளூரில் 1973-லும், 1975 முதல் 1977 வரையிலும் தரையிலிருந்து உப்புத்துகள் அனுப்பினார்கள். முடிவு? உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. அத்தனை நாள் கணக்கு போதவில்லை.

மகாராஷ்டிராவில் பாராமதி என்ற வறண்ட சீமையிலே அதே நிலையம் விமானம் வைத்து உப்புத் தூவியது. 1973-இல் தொடங்கி 1986 வரை, இடையிலே விட்டுவிட்டு, மொத்தம் 11 பருவம். நாம் செயல்விளக்கத் திடலில் ஒரு வயலுக்கு உரம் போட்டு, ஒரு வயலுக்குப் போடாமல் விடுகிறோமே, அதேமாதிரிதான். எந்தப் பக்கம் தூவுவது என்பதை ஆளின் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கூடுதல் மழை சுமார் 24 சதவீதம் என்று கணக்கு வந்தது. ஒரு கிலோமீட்டருக்குமேல் தடிப்பான, ஈரம் நிறைந்த மேகம்தான் பலன் தந்தது. மெல்லிய மேகம் உப்புப் பட்டதும் கலைந்தே போய்விட்டதாம்! தூவினால் பெய்யும் என்று மட்டும் தெரிந்துகொண்டு போயிருந்தால் உள்ளதும் போயிருக்கும்.

நம் மாநிலத்திலும் வறட்சிக்காக 1983-லும், 1984 முதல் 1987 வரையிலும், மறுபடி 1993-94-லும் அரசு மேகத்தில் மருந்து தூவியது. குற்றம் சொல்வதற்கில்லை. பயிர் காயும்போது ஒரு மேகத்தைத் தூவாமல் ஒப்பிட்டுப் பார்க்க விட்டுவைக்க யாருக்கு மனசு வரும்? ஆனால் அப்படி விட்டுவைத்தால்தான், பெய்த மழை மருந்தால் பெய்ததா, தானாய்ப் பெய்ததா என்று தெரியும். அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் ஏரி நிரம்பிய வருஷத்திலேயே வேண்டும் என்கிறேன். அந்த வருஷம் கேட்டால் சிரிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

டெல்லிக் கதைக்கு வருவோம். 5 முயற்சிகளுக்கு என்று 3 கோடி ரூபாய்க்குமேல் ஒதுக்கினார்கள். காற்று மாசு குறையட்டும் என்று 2025 அக்டோபர் 28-ஆம் தேதி விமானம் பறந்தது. மேகத்தில் ஈரம் மிகக் குறைவு. மழை என்று சொல்லும்படி ஒன்றும் விழவில்லை. 2018, 2019-இல் சோலாப்பூரில் நடந்த சோதனையோ வேறுமாதிரி. 276 மேகங்களை ஆராய்ந்து, சராசரியாக 18 சதவீதம் கூடுதல் மழை என்று கண்டார்கள். அதற்கு முன்னாலே 2009-இலிருந்தே விமானத்தில் கருவிகளை ஏற்றி மேகத்தையும் தூசியையும் அளந்து வைத்திருந்தார்கள்.

மத்திய அரசு 2024 செப்டம்பரில் ‘மிஷன் மௌசம்’ என்ற திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. புதிய ராடார்களோடு, ஒரு கூடத்துக்குள்ளேயே மேகம் உண்டாக்கிப் பார்க்கும் ஆய்வுக்கூடமும் புனேக்கு உண்டு. பெரியவரிடம் இதைச் சொன்னேன். “எத்தனை வருஷத்துக்குப் பணம்?” என்றார். இரண்டு என்றேன். “அந்த ஊரிலே பதினொரு பருவம் ஆச்சுன்னீங்களே?” என்று கேட்டுவிட்டு, டீக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார்.