நெரிசலை வாசித்தல்: தெருவும் கேமராவும்

1

தெருவைப் பதிவுசெய்த ஆரம்பகாலப் புகைப்படங்களில் ஒன்று, தெருவில் இருந்தவர்களை அழித்துவிட்ட படம். 1838இல் பாரிஸ் நகரத்துச் சாலை ஒன்றை உயரத்தில் இருந்த சன்னலிலிருந்து தாகேர் படமெடுத்தார். வண்டிகளும் ஆட்களும் போய்வந்துகொண்டிருந்த சாலை அது. ஆனால் அன்றைய தகட்டில் படம் பதியப் பல நிமிடங்கள் வேண்டும். அசைந்தவர் எவரும் பதியவில்லை. பூட்ஸ் துடைத்துக்கொள்ளக் காலை நீட்டி நின்ற ஒருவர் மட்டும் உருவமாக நிலைத்தார். துடைத்துக்கொண்டிருந்தவர், வேலை செய்த காரணத்தாலேயே, கலங்கிய நிழலாகிப்போனார். நிற்க வசதி இருந்தவருக்கு உருவம், மற்றவருக்குக் கறை. தெருப் புகைப்படத்தின் அரசியல் இந்த முதல் தகட்டிலேயே தொடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது.

புகைப்படம் பற்றிய நம் பேச்சில் ‘கசகசப்பு’ என்பது ஒரு வசவுச் சொல். பின்னாடி சுத்தமா இருக்கணும், கண்ணு ஒரு இடத்துல போயி நிக்கணும், ஒயரு, போஸ்டரு, குறுக்கே போற ஆளு எல்லாத்தையும் வெளியே தள்ளணும் என்றுதான் கேமரா கற்றுத்தருகிறவர்கள் சொல்கிறார்கள். இதை ஓர் அழகியல் விதியாக நாமும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். வெறும் அழகியல் விதிதானா இது? தெருவிலிருந்து யாரை வெளியே தள்ளுவது என்பது நம் ஊர்களில் கேமரா வருவதற்கு வெகு முன்பே தீர்மானிக்கப்பட்ட விஷயம். நகரத்துத் தெருப் படங்களின் நெரிசலைக் குறையாகப் பார்க்காமல் ஒரு பிரதியாக வாசிக்க முடியுமா என்பதே இங்கு என் கேள்வி.

2

கேமரா நம் பக்கம் வந்தது கம்பெனியாரின் கையோடு. 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857இன் கடைசியிலும் 1858இலும் ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றிப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளச் சுருளாக்கினார். அசாத்தியமான உழைப்பு. அந்தக் கல்லெழுத்துகளை இன்றும் அதில் பார்க்கலாம். ஆனால் அவருடைய மதுரையிலும் தஞ்சாவூரிலும் ஆட்களைத் தேட வேண்டியிருக்கிறது. கோபுரம் இருக்கிறது, மண்டபம் இருக்கிறது, குளம் இருக்கிறது. சந்தடி இல்லை. மெழுகு தடவிய காகித நெகட்டிவ் மெதுவாகத்தான் பதியும் என்பது தொழில்நுட்பக் காரணம். நினைவுச்சின்னங்களை ஆவணப்படுத்துவதே அரசு அவருக்குத் தந்த வேலை என்பது இன்னொரு காரணம். இரண்டும் சேர்ந்து, ஆளில்லாத ஒரு தேசத்தின் சித்திரத்தைத் தந்தன. 1857 கிளர்ச்சியை அடக்கிக்கொண்டிருந்த அரசுக்கு ஆளில்லாத தேசம் எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும் என்று நாம் யோசிக்கலாம்.

அடுத்து ஆட்கள் வந்தார்கள். ஆனால் தெருவோடு வரவில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமானவர்களை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படமெடுத்தார். குடும்பப் படத்துக்கு உட்காரவைப்பது மாதிரி வரிசையாக உட்காரவைத்து எடுத்த படங்கள். படமெடுத்தவர் அவர்களுக்கு உதவவில்லை என்ற கண்டனம் அவர்மீது எழுந்தது. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்தப் படங்களின் சுத்தம். அங்கே உடல்கள் மட்டுமே இருக்கின்றன. சந்தை இல்லை, தானிய வண்டி இல்லை, வரி வசூலிக்கிறவன் இல்லை, துறைமுகம் இல்லை. பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை என்பது வரலாறு. அந்த வரலாறு நுழைய வழியில்லாதபடி சட்டகம் துடைத்துவைக்கப்பட்டிருக்கிறது. பின்புலத்தை நீக்கிவிட்டால் பசிக்குக் காரணம் இல்லாமல் போய்விடுகிறது, பசி ஓர் இயற்கைக் காட்சியாகிவிடுகிறது. கசகசப்பு என்று நாம் ஒதுக்குவதற்குள்தான் பல சமயம் காரணங்கள் இருக்கின்றன.

3

எங்கள் ஒலக்கூர் பக்கம் ‘தெரு’ என்றால் அது சாலையை மட்டும் குறிக்காது, ஆட்களைக் குறிக்கும். ‘நீ எந்தத் தெரு?’ என்பது விலாசம் கேட்கிற கேள்வி இல்லை. காலனியில் இருக்கிறவர் ‘ஊருக்குள்ள போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்கிறார், தான் இருப்பது ஊரே இல்லை என்பதுபோல. இந்த மொழியில் வளர்ந்த ஒருவனுக்குத் தெரு என்பது பொதுவெளி என்று ஐரோப்பியக் கோட்பாட்டு நூல்கள் சொல்வது விளங்கக் கொஞ்சம் காலம் பிடிக்கிறது.

நகரம் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. சென்னையின் கருப்பர் நகரத்தில் 1707-08இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்கு இடையே மூண்ட தகராறு தெருவில் ஊர்வலம் போவது பற்றியது. ஆளுநர் தாமஸ் பிட் தெருக்களைப் பிரித்துக்கொடுத்தார். பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு. எல்லைக் கற்களும் நடப்பட்டன. பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எந்த வகுப்பினரும் நடக்கலாம் என்பதைச் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானமாக இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவர வேண்டியிருந்தது 1924இல். அதே ஆண்டுதான் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது, பெரியார் சிறை சென்றார். கையில் எடுத்துக்கொண்டு தெருவில் அலையக்கூடிய லைக்கா கேமரா ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது 1925இல். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் இந்த ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. தெருவில் நடப்பவனைப் படமெடுக்கும் கருவி அங்கே தயாரானபோது, தெருவில் நடப்பதற்கே இங்கே தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தப் பின்னணியில், நம் எளிய மக்கள் முதலில் தெருவில் படமெடுத்துக்கொள்ளாமல் ஏன் ஸ்டுடியோவுக்குப் போனார்கள் என்பதும் புரியும். வரைந்த திரைச்சீலையில் மாளிகைப் படிக்கட்டோ பூந்தோட்டமோ இருக்கும். அந்த இடத்தில் யாருடைய தெருவும் இல்லை. அரைமணி நேரத்துக்கு விலாசத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்காரலாம். அப்படிப்பட்ட தமிழகத்து ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் சேகரித்திருக்கிறது. திரைச்சீலையின் பொய்யைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், திரைக்கு வெளியே இருந்த உண்மை யாருக்கு வசதியாக இருந்தது என்றும் கேட்க வேண்டும்.

4

தெருப் புகைப்படத்தின் மூலவராகக் கொண்டாடப்படும் ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் 1950இல் எங்கள் பக்கத்துக்கே வந்திருக்கிறார். ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார், புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். அவருடைய 1952ஆம் ஆண்டுப் புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பு ‘தீர்மானகரமான கணம்’ என்ற பொருளைத் தந்து, பிறகு ஒரு சித்தாந்தமாகவே ஆகிவிட்டது. எல்லாம் சேர்ந்து ஒரே ஒழுங்கில் வந்து நிற்கும் ஒரு நொடி. ஆனால் பிரெஞ்சு மூலத் தலைப்பில் இந்தத் தோரணை இல்லை. அனுமதி இல்லாமல் நடைபாதையில் கடை விரித்து, போலீஸ் தலை தெரிந்தால் துணியோடு சுருட்டிக்கொண்டு ஓடுகிற வியாபாரிக்குச் சொல்கிற சொல் அதில் இருக்கிறது. திருட்டுத்தனமாக எடுத்த படங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். தெருவிலிருந்து பிறந்த தலைப்பு, மொழிபெயர்ப்பில் தத்துவமாகிவிட்டது.

அவருடைய மிகப் பிரபலமான படம் 1932இல் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றின் பின்புறம் எடுத்தது. தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதன், பின்னால் சுவரொட்டியில் அதேபோலத் தாவும் ஓர் உருவம். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்த படம் அது. மூல நெகட்டிவில் பலகையும் விழுந்திருக்கிறது. படங்களை வெட்டுவதில் நம்பிக்கை இல்லாத அவர் இந்தப் படத்தில் அதை வெட்டினார். தீர்மானகரமான கணத்துக்குக்கூடக் கத்திரிக்கோல் தேவைப்பட்டிருக்கிறது.

1966இல் ஜெய்ப்பூரில் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ரகுபீர் சிங் (1942-1999). அவரிடமிருந்து கற்றுக்கொண்டு, அவரிடமிருந்து விலகியவர். கறுப்பு வெள்ளையே கலை என்றிருந்த காலத்தில் வண்ணத்தில் எடுத்தார். தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு நூல் தந்திருக்கிறார். ஹௌராவில் 1991இல் அவர் எடுத்த நடைபாதைக் கண்ணாடிக் கடைப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விற்பனைக்கு வைத்த கண்ணாடிகள் தெருவைத் துண்டு துண்டாக உள்ளே இழுத்துக்கொள்கின்றன. யார் எதிரே நிற்கிறார், யார் பிம்பம் என்று பிரிக்கக் கண் தடுமாறுகிறது. ஒரு மையம் இல்லை. கண் ஓரிடத்தில் நின்றால் இன்னோரிடம் கூப்பிடுகிறது.

தமிழ் படித்தவனுக்கு இது புதிதல்ல. பத்துப்பாட்டில் நீளமான மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் சொல்லும்போது எதையும் மையத்தில் நிறுத்துவதில்லை. விற்பவர், வாங்குபவர், யானை, கொடி, ஓசை என்று அடுக்கிக்கொண்டே போகிறது. நிலையாமையைச் சொல்ல வந்த பாட்டு, பாதிக்கு மேல் நெரிசலைச் சொல்கிறது. எங்கள் திண்டிவனத்துக் கிடங்கிலைப் பாடும் சிறுபாணாற்றுப்படை வேறுமாதிரி. அங்கே பாணன் நடக்க நடக்க ஒவ்வொரு குடியும் தத்தம் நிலத்தில் தனித்தனியே வருகிறது. தனித்தனியாக அடுக்கிவைத்த உலகம் ஒன்று, இடித்துக்கொண்டு நடக்கும் உலகம் ஒன்று. நம் மரபுக்குள்ளேயே இரண்டு விதமான சட்டகங்கள் இருக்கின்றன.

5

அப்படியானால் நெரிசல்தான் சனநாயகமா? அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். கடைத்தெருவில் ஒரு தலித் பெண் சீண்டப்பட்டதையொட்டி எழுந்த தகராறு அது. எல்லோரும் இடித்துக்கொண்டு நடக்கிற அதே கடைத்தெரு. ஒரே சட்டகத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் யாரும் சமமாகிவிடுவதில்லை. இந்தியத் தெருவின் வண்ணக் கலவையைக் கண்டு பூரித்துப்போகும் பல படங்களிடம் எனக்குள்ள சந்தேகம் இதுதான். அங்கே கசகசப்பு ஓர் அலங்காரமாகிவிடுகிறது. கூட்டம் இருக்கிறது, பூசல் இல்லை.

பார்த்தின் ‘பங்க்டம்’ இங்கே நமக்குக் கொஞ்ச தூரம்தான் உதவும். படமெடுத்தவர் உத்தேசிக்காத ஒரு விவரம் பார்ப்பவனைத் தைப்பது பற்றி அவர் பேசினார். தைப்பது தனிமனித அனுபவம். நமக்கு வேண்டியது அந்த விவரத்தை வரலாற்றோடு கோக்கிற வாசிப்பு. எந்தத் தெருப் படத்தையும் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். யார் நிழலில் நிற்கிறார், யார் வெயிலில்? யார் காலில் செருப்பு? சுவரில் யார் முகம், யார் பெயரைக் கிழித்திருக்கிறார்கள்? யார் கேமராவைப் பார்க்கிறார், யாருக்குப் பார்க்க நேரமில்லை? யார் பாதி உடம்போடு வெட்டுப்பட்டுப் போகிறார்? இந்தக் கேள்விகளைக் கேட்டால் நெரிசல் பேசத் தொடங்கும்.

எம். பழனி குமாரின் படங்களை இந்த இடத்தில் வைக்கிறேன். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர், தூய்மைப் பணியாளர்களைத் தொடர்ந்து படமெடுப்பவர். தாகேரின் தகட்டில் கலங்கிப்போன தொழிலாளிதான் இங்கே முகத்தோடு திரும்பி வருகிறார். நகரத்தைச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் நகரத்தின் அழகான படங்களில் விழுவதில்லை. விழுந்தால் அந்தப் படம் சுத்தமாக இருப்பதில்லை.

கடைசியாகச் சென்னையின் பாண்டி பஜார். 2013இல் அங்கிருந்த நடைபாதை வியாபாரிகள் ஓர் அடுக்குமாடி வளாகத்துக்குள் மாற்றப்பட்டார்கள். 2019இல் விசாலமான நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. நடப்பவருக்கு வசதிதான், மறுக்கவில்லை. படமெடுக்கவும் இப்போது தோதாக இருக்கிறது, கண் தங்கு தடையில்லாமல் போகிறது. அந்த பஜாருக்குப் பெயர் தந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டவர். பேருந்தில் இடித்துக்கொண்டு உட்காரும் உரிமைக்காக உத்தரவிட்ட ஒருவரின் பெயரால் அழைக்கப்படும் தெருவில்தான் நெரிசலைத் தீர்த்துவைத்திருக்கிறோம். சட்டகத்தைத் துடைக்கிற கையும் தெருவைத் துடைக்கிற கையும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டும் ஒரே பாடத்தைப் படித்த கைகள். பழைய தெருப் படங்களை வைத்திருப்பவர்கள் அவற்றின் ஓரங்களை வெட்டாமல் வைத்திருங்கள். அங்கே நின்றவர்களுக்கு வேறு ஆவணம் இல்லை.