மாயம் களைந்த நிரலாளர்கள்

மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் வரலாறாகவும், அவற்றை நிறுவியவர்கள் ஈட்டிய செல்வத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வருகிறது. நிரலாளர்கள் தமக்குள் நடத்திய விவாதங்களைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. இலக்கிய ஈடுபாடு உடையோர்க்கு இவ்விவாதங்கள் அப்படியொன்றும் அந்நியமானவை அல்ல. அச்சேறிய நூலின் மறுபதிப்பில் எதைத் திருத்தலாம், எதைத் தொடலாகாது என்று பதிப்பாசிரியர்கள் காலங்காலமாக வாதிட்டு வந்திருக்கிறார்கள். நிரலாளர்களின் கேள்வியும் அதுவே. ஆனால் இங்கே ஒரு சொல்லைத் திருத்தினால், அதை நம்பிப் பிறர் எழுதிய ஆயிரம் நூல்கள் மறுநாள் திறக்க மறுக்கும்.

இக்கட்டுரை ஜாங்கோ என்னும் திறமூலக் கருவித்தொகுப்பைப் பற்றியது. பைத்தான் மொழியில் வலைச்செயலிகளைக் கட்டுவோர்க்குப் பயனர் நுழைவு, தரவுத்தளம், படிவங்கள், பக்கங்களின் வார்ப்பு ஆகியவற்றை ஆயத்தமாக வைத்திருந்து தருவது இதன் பணி. பிறந்த இடம் சிலிக்கான் பள்ளத்தாக்கு அன்று. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்னும் பல்கலைக்கழக நகரத்தில் வெளியாகும் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற நாளிதழின் இணையப் பிரிவில் பிறந்தது. அங்கே பணியாற்றிய ஏட்ரியன் ஹோலோவாட்டி இதழியல் பயின்றவர். சைமன் வில்லிசன் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்திலிருந்து ஓராண்டுப் பணிப்பயிற்சிக்கு வந்திருந்த மாணவர். 2003ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் இருவரும் பி.எச்.பி. மொழியைக் கைவிட்டுப் பைத்தானில் எழுதத் தொடங்கினர். வில்லிசன் ஊர் திரும்பியபின் ஜேக்கப் கப்லன்-மாஸ் வந்து சேர்ந்தார்.

நாளிதழ் அலுவலகத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதை அறிந்தவர்களுக்கு அதன்பின் நிகழ்ந்தது வியப்பளிக்காது. காலையில் ஒரு யோசனை வரும். மாலைக்குள் அது பக்கமாகியிருக்க வேண்டும். தேர்தல் முடிவுகளும் பல்கலைக்கழகக் கூடைப்பந்து ஆட்டங்களும் நிரலாளரின் வசதிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே ஒருமுறை எழுதியதைத் திரும்ப எழுதாமலிருக்க, பொதுவானவற்றைப் பிரித்தெடுத்துத் தனியே சேமித்து வைத்தார்கள். அச்சேமிப்பே 2005 ஜூலையில் பி.எஸ்.டி. உரிமத்தின்கீழ் உலகிற்குத் திறந்துவிடப்பட்டது. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிதார்க் கலைஞரின் பெயரை அதற்கு இட்டார்கள். (ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரின் தொடக்கத்தில் ஒலிக்காத டி ஒன்று உண்டு. தமிழில் எழுதும் நமக்கு அத்தொல்லை இல்லை.)

வெளியுலகத்தார் அதைக் கையிலெடுத்துப் பார்த்தவுடன் கண்டுகொண்டது அதிலிருந்த மாயத்தைத்தான்.

இதைச் சற்று விளக்க வேண்டும். அன்றைய ஜாங்கோவில் 'கட்டுரை' என்ற பொருளை நீங்கள் ஒரு கோப்பில் ஒருமையில் வரையறுத்தால், செயலி இயங்கும்போது கருவித்தொகுப்பு தானாகவே 'கட்டுரைகள்' என்றொரு நிரற்பகுதியை உருவாக்கி வேறோர் இடத்தில் வைத்துவிடும். உங்கள் தரவை எடுக்க நீங்கள் அழைக்க வேண்டியது அதைத்தான். ஆனால் வட்டில் எங்கு தேடினாலும் அப்படியொரு கோப்பு இராது. பன்மையை ஆக்கும் முறையும் எளிமையானது: ஒருமைப் பெயரோடு ஆங்கிலத்தின் எஸ் எழுத்தைச் சேர்ப்பது. ஆங்கிலப் பன்மை எல்லாவிடத்தும் அவ்வாறு அமைவதில்லையாதலால், விதிவிலக்கான பெயர்களைப் பயனரே தனியாகச் சொல்லித் தர வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, தேதிகளைக் கையாளும் தொகுதியை நீங்கள் அழைக்காமலே அது உங்கள் நிரலுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

லாரன்ஸ் அலுவலகத்தில் இவையெல்லாம் வசதிகளாக இருந்தன. நான்கு பேர் அமர்ந்திருக்கும் அறையில் 'அது எங்கிருந்து வருகிறது' என்று அடுத்த நாற்காலியைக் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த நாற்காலி இல்லாத வாசகருக்கோ அவை புதிர்கள். பைத்தான் மரபிலோ மறைவாக நிகழ்வதைவிட வெளிப்படையாக எழுதப்பட்டதே மேல் என்பது ஏறக்குறைய வேதவாக்கு. ஆகவே விமரிசனம் கடுமையாகவே வந்தது. மூல ஆசிரியர்கள் அதை எதிர்கொண்ட விதம்தான் குறிப்பிடத்தக்கது. குற்றச்சாட்டை மறுக்கவில்லை, குற்றம் சாட்டியவர்கள் பயன்படுத்திய சொல்லையே எடுத்துத் தம் பணிக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். மூல நிரலிலிருந்து பிரிந்த அக்கிளைக்கு 'மாய நீக்கம்' என்று பெயர்.

இங்கேதான் உண்மையான பிணக்கு. ஜாங்கோ வெளியாகிச் சில மாதங்களே ஆகியிருந்தாலும், அதைக்கொண்டு தளங்களைக் கட்டியவர்கள் இருந்தார்கள். லாரன்ஸின் சொந்தத் தளங்களும் அதன்மேல்தான் நின்றன. மாயத்தை நீக்கினால் அவர்கள் எழுதிய அனைத்தையும் திருத்தியாக வேண்டும். நீக்காவிட்டால் இனி வரப்போகும் ஒவ்வொருவரும் அப்புதிரைத் தாண்டித்தான் உள்ளே வர முடியும். இருப்பவர் சிலர், வரப்போகிறவர் பலர் என்பது அன்றைய ஊகம் மட்டுமே. வராமலும் போயிருக்கலாம். இருப்பவர்களோ கண்முன் நின்று கேள்வி கேட்பவர்கள்.

2006 மே மாதம் அக்கிளை முதன்மை நிரலோடு இணைக்கப்பட்டது. ஜூலையில் 0.95 பதிப்பாக வெளிவந்தது. ஒருமையில் எழுதியது ஒருமையிலேயே நின்றது. எழுதிய கோப்பிலிருந்தே அழைக்கப்பட்டது. எவையெவை மாறின, பழைய நிரலை எப்படித் திருத்துவது என்று இனம் இனமாக விளக்கும் நீண்ட ஆவணம் ஒன்றையும் உடன் எழுதி வைத்தார்கள். என் கருத்தில் அவ்வாவணம் நிரலைவிட முக்கியமானது. பிறர் வீட்டை இடிப்பவன் குறைந்தபட்சம் அதை மீண்டும் எழுப்பும் வழியையாவது சொல்ல வேண்டும் என்ற நாகரிகம் அதிலிருந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் சோப் என்னும் மூத்த பைத்தான் தொகுப்பு தன் மூன்றாம் பதிப்பை அடித்தளத்திலிருந்து புதிதாக எழுதி 2004இல் வெளியிட்டிருந்தது. பழைய பயனர்கள் இரண்டாம் பதிப்பிலேயே தங்கிவிட்டார்கள்.

அடுத்த இரண்டாண்டுகளின் விவாதங்களில் மால்கம் ட்ரெடினிக் என்ற ஆஸ்திரேலியரின் பெயர் அடிக்கடி வருகிறது. புதியவர் எவர் என்ன கேட்டாலும் நெடிய, பொறுமையான பதில்களை எழுதுபவர் என்று பெயர் பெற்றவர். 2007 ஜூலையில் ஜாங்கோ முழுமையாக ஒருங்குறிக்கு மாறியதற்கு அவர் உழைப்பே முதற்காரணம்.

இம்மாற்றம் நம் மொழியைத் தொடுவது. அன்றைய பைத்தானில் இருவகைச் சரங்கள் இருந்தன: ஒன்று எழுத்துக்களால் ஆனது, மற்றொன்று வெறும் பைட்டுகளால் ஆனது. ஜாங்கோ அதுவரை பைட்டுச் சரங்களையே கையாண்டு வந்தது. ஆங்கிலம் மட்டும் எழுதுவோர்க்கு இரண்டும் ஒன்றே. ஓர் எழுத்து, ஒரு பைட்டு. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது 3 எழுத்து. ஒருங்குறிக்கு 5 குறியீடுகள். யு.டி.எஃப்-8 முறையில் சேமித்தாலோ 15 பைட்டுகள். 'முதல் 10ஐ மட்டும் காட்டு' என்று பைட்டுக் கணக்கில் கட்டளையிட்டால், 'தமி' முடிந்து, ழகரத்தின் மூன்றிலொரு துண்டு ஒட்டிக்கொண்டு வரும். உலாவி அதைக் கேள்விக்குறியாகவோ கட்டமாகவோ காட்டும். அக்காலத்துத் தமிழ் இணையத்தைப் படித்தவர்கள் இக்கட்டங்களை மறந்திருக்க மாட்டார்கள். (ஒருங்குறிக்கு வந்தபின்னும் 5 குறியீடுகளில் 4ஐ மட்டும் எடுத்தால் புள்ளியில்லாத 'தமிழ'தான் கிட்டும் என்பது வேறு கதை.) ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய பெரும்பான்மையினருக்கு இம்மாற்றத்தால் கண்கூடான நன்மை எதுவுமில்லை. அவர்களின் நிரல்களிலும் திருத்தங்கள் தேவைப்பட்டன. ஆயினும் அது நடந்தது.

அதே ஆண்டு நவம்பரில் நடந்த மற்றொரு மாற்றம் இதனினும் கசப்பான விவாதத்திற்குரியது. வாசகர் ஒருவர் பின்னூட்டத்தில் எழுத்துக்குப் பதிலாக நிரலொன்றை எழுதி அனுப்பினால், பக்கம் அதை அப்படியே வெளியிட்டால், அடுத்து வரும் வாசகரின் உலாவியில் அந்நிரல் இயங்கிவிடும். இதைத் தடுக்க, வெளியிடும் ஒவ்வோர் இடத்திலும் வடிகட்டி ஒன்றை இடுமாறு வார்ப்புரு எழுதுவோர்க்கு ஜாங்கோ சொல்லியிருந்தது. நூறு இடத்தில் இட்டு ஓரிடத்தில் மறந்தால் போதும், கதை முடிந்தது. ஆகவே வடிகட்டுதலே இயல்பாக இருக்கட்டும், வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்லட்டும் என்ற யோசனையை வில்லிசன் முன்வைத்திருந்தார். ஆனால் சொல்லாமல் நிகழும் செயலைத்தானே மாயம் என்று சொல்லிச் சற்றுமுன் துரத்தினார்கள்? மேலும், வார்ப்புருக்கள் வலைப்பக்கத்திற்கு மட்டுமன்றி வெற்றுரை மின்னஞ்சல்களுக்கும் பயன்படுபவை. அங்கே வடிகட்டினால் கடிதம் சிதையும்.

கொள்கையைப் பற்றிக்கொண்டிருந்தால் இவ்விவாதம் முடிந்திராது. மறதியால் வரும் கேடு எங்கே பெரிது என்று பார்த்தார்கள். வடிகட்ட மறந்தால் அறியாத வாசகரின் கணக்கு களவு போகும். வடிகட்ட வேண்டாம் என்று சொல்ல மறந்தால் பக்கத்தில் சில அசிங்கமான குறிகள் தெரியும், அவ்வளவே. மாய நீக்கத்தைவிட இம்முடிவே பெரியது என்று நான் நினைக்கிறேன். முன்னது நிரலாளரின் வசதியைப் பற்றியது. பின்னது, அவ்விவாதத்தில் இருக்கவே இல்லாத ஒருவரைப் பற்றியது. இதையும் முதன்மை நிரலில் சேர்த்தவர் ட்ரெடினிக்தான். அவர் 2013 மார்ச்சில் காலமானார். புதியவர்களை வரவேற்று உதவுவோர்க்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் பரிசு ஒன்று அவர் பெயரில் நிறுவப்பட்டது.

2008 செப்டம்பர் 3ஆம் தேதி 1.0 பதிப்பு வெளியானது. அதனோடு ஒரு வாக்குறுதியும் வந்தது: இனி உங்கள் நிரலை முன்னறிவிப்பின்றி உடைக்க மாட்டோம். நீக்க வேண்டியதை முதலில் எச்சரித்து, பதிப்புகள் சில கடந்த பின்னரே நீக்குவோம்.

வாக்குறுதிக்கு விலை உண்டு. ஜாங்கோ தரும் ஆயத்தப் பயனர் அட்டவணையில் பயனர்பெயருக்கு 30 எழுத்து, முதற்பெயருக்கு 30, கடைசிப்பெயருக்கு 30, மின்னஞ்சலுக்கு 75 என்று வரம்புகள் இருந்தன. நாளிதழ் அலுவலகத்தில் யாரோ சிந்தனையின்றி இட்ட எண்கள் போலும். (தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் சுமக்கும் நம்மவர்க்கு முதற்பெயர் எது, கடைசிப்பெயர் எது என்ற தொல்லை தனி.) மின்னஞ்சல் முகவரியையே பயனர்பெயராக வைக்க விரும்பியவர்களுக்கு 30 போதவில்லை. ஓர் எண்ணை மாற்றுவதில் என்ன சிரமம் என்று தோன்றும். நிரலில் அது ஒரு வரிதான். ஆனால் அவ்வட்டவணை உலகெங்கும் பல்லாயிரம் தரவுத்தளங்களுக்குள் ஏற்கெனவே உருவாகிக் கிடந்தது. நிரலை மாற்றினால் அட்டவணை மாறாது. இரண்டும் முரண்பட்டு நிற்கும். வாழும் தரவுத்தளத்தின் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் பொறிமுறை ஜாங்கோவிடம் அன்று இல்லை.

அதை வெளியிலிருந்து ஒருவர் எழுதினார். ஆண்ட்ரூ காட்வின் என்ற ஆங்கிலேயர் 2008இல் 'சவுத்' என்னும் துணைத்தொகுப்பை வெளியிட, அது விரைவில் ஏறக்குறைய அனைவரும் பயன்படுத்துவதாயிற்று. அதை ஜாங்கோவுக்குள்ளேயே கொண்டுவருவதற்காக 2013இல் அவர் பொதுமக்களிடம் நிதி கேட்டார். கேட்டது 2,500 பவுண்டு. சேர்ந்தது 17,952 பவுண்டு. 2014 செப்டம்பரில் வெளியான 1.7 பதிப்பில் அது இடம்பெற்றது. அதற்குப் பின்னரே எண்கள் அசையத் தொடங்கின. மின்னஞ்சலின் 75, 2015 ஏப்ரலில் 254 ஆனது. பயனர்பெயரின் 30, 2016 ஆகஸ்டில் 150 ஆனது. பைத்தானின் பழைய தலைமுறையைக் கைவிட்ட 2.0 பதிப்பில், 2017 டிசம்பரில், கடைசிப்பெயரும் 150ஐ எட்டியது.

இதற்குள் விவாதம் நடத்திய சபையே மாறிவிட்டது. 2014 ஜனவரியில் ஹோலோவாட்டியும் கப்லன்-மாஸும் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார்கள். திருத்தங்களைச் சரிபார்த்தல், பதிப்பு வெளியிடுதல் போன்ற அலுப்பூட்டும் பணிகளைத் தன்னார்வலர்களால் சுமக்க முடியாததால், அவ்வாண்டே ஊதியத்திற்கு ஆளமர்த்தும் திட்டம் தொடங்கியது. நாளடைவில் பெரும்பாலான இணைப்புகளை ஊதியம் பெறுவோரே செய்தார்கள். மூல நிரலைத் திருத்தும் உரிமை பெற்ற 'மையக் குழு' பெயரளவில் நின்றது. வெளியிலிருந்து வருவோர்க்கு அது ஏற முடியாத மேடையாகவும் தோன்றியது. 2020 மார்ச்சில் அக்குழுவை அதன் உறுப்பினர்களே கலைத்தார்கள். பதவியைத் தாமாகவே இல்லாதொழித்துக்கொள்ளும் சபைகளை நாம் அதிகம் கண்டதில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் 3.1 பதிப்பு வெளியானது. அதில்தான் முதற்பெயரின் 30 எழுத்து வரம்பும் 150 ஆக உயர்ந்தது.