மேசைக்கணினி: ஆயத்தமும் தொகுப்பும்

மேசைக்கணினியைப் பெறுவதற்கு இரு வழிகள் உள்ளன. உற்பத்தி நிறுவனம் தன் பெயர் பொறித்து முழுமையாக்கி விற்கும் கணினியை அப்படியே வாங்குவது ஒன்று. செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி ஆகிய உறுப்புகளைத் தனித்தனியே தேர்ந்தெடுத்து ஒரு கேபினெட்டினுள் பொருத்திக்கொள்வது மற்றொன்று. கடைவழக்கில் முன்னது 'பிராண்டட்' என்றும் பின்னது 'அசெம்பிள்டு' என்றும் வழங்குகின்றன. இக்கட்டுரை அவற்றை முறையே ஆயத்தக் கணினி, தொகுப்புக் கணினி எனக் குறிக்கும். ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏழு அமீரகங்களுள் பரப்பில் மிகச் சிறியதாகிய அஜ்மானும், அதனை ஒட்டிய ஷார்ஜாவும் துபாயும் இவ்விரு வகைகளும் அருகருகே விற்பனையாகும் ஒரே சந்தைப் பகுதியாக இயங்கிவருவதால், வளைகுடாத் தமிழரின் கணினி நுகர்வை விளக்குவதற்கு இப்பகுதி ஏற்ற எடுத்துக்காட்டாகும்.

வகைப்பாடு

ஆயத்தம், தொகுப்பு என்னும் இருகூற்றுப் பகுப்பு பேச்சுக்கு எளியதாயினும் நுணுகி நோக்கினால் நிலைக்காது. உறுப்புகளை மாற்றும் உரிமை எவரிடம் எஞ்சுகிறது என்பதை அளவுகோலாகக் கொண்டால் ஐந்து வகைகள் புலப்படும். திரையும் கணினியும் ஒரே உடலாகப் பிணைந்து, பயனர் கைவைக்க ஏறக்குறைய எதுவும் இல்லாதபடி மூடப்பட்டது முதல் வகை. ஆப்பிள் நிறுவனம் 1998-இல் வெளியிட்ட ஐமேக் இதன் பெயர்பெற்ற வடிவம். இரண்டாம் வகை, பெரிய நிறுவனங்களின் கோபுர வடிவக் கணினி. இதன் பக்கத்தகட்டைக் கழற்றலாம், நினைவகத்தைக் கூட்டலாம், ஆனால் தாய்ப்பலகையின் அளவும் மின்வழங்கியின் இணைப்பியும் அந்நிறுவனத்துக்கே உரியவையாக இருப்பது மிகுதி. மூன்றாம் வகை 'பேர்போன்' எனப்படும் அரைத்தொகுப்பு. கூடு, பலகை, மின்வழங்கி ஆகியவை பொருந்தி வர, நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் வாங்குபவர் சேர்த்துக்கொள்வார். இன்டெல் நிறுவனம் விற்று, 2023-இல் ஆசுஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்த 'நக்' எனும் சிறு கணினிகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சார்ந்தவை.

நான்காம் வகையில் வாடிக்கையாளர் உறுப்புகளைத் தேர்கிறார், கடைக்காரர் பொருத்தித் தருகிறார். ஐந்தாம் வகையில் தேர்வும் பொருத்தலும் ஒருவருடையவே. மேலைநாட்டு நூல்கள் 'தானே கட்டிய கணினி' என்று பேசும்போது ஐந்தாம் வகையையே கருதுகின்றன. சென்னை ரிச்சி தெரு, கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, துபாய் காலித் பின் அல் வலீத் சாலை ஆகிய இடங்களில் தமிழர் 'அசெம்பிள் பண்ணியது' என்று சொல்லும்போது பெரும்பாலும் நான்காம் வகையையே குறிக்கின்றனர். திருப்புளியை எடுத்தவர் யார் என்பதைவிட, பட்டியலை எழுதியவர் யார் என்பதே இங்கு வேறுபாட்டை நிறுவுவதால், பின்வரும் பகுதிகளில் நான்கும் ஐந்தும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன.

தோற்றம்

தனியாள் கணினியின் தொடக்கமே தொகுப்புதான். அமெரிக்காவின் அல்புகர்க்கி நகரில் இயங்கிய மிட்ஸ் நிறுவனத்தின் ஆல்டேர் 8800, 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' இதழின் 1975 ஜனவரி அட்டையில் இடம்பெற்றது. பற்றவைத்து இணைக்க வேண்டிய உறுப்புகள் அடங்கிய பொதியாக அதன் அறிமுக விலை 397 டாலர். திரையும் விசைப்பலகையும் இல்லாமல், முகப்பிலிருந்த சொடுக்கிகளையும் விளக்குகளையும் கொண்டே இயங்கிய அந்தப் பெட்டியை வாங்கியோர் அதைக் கட்டி முடிப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டிருந்தனர். பிரிட்டனில் 1980-இல் வெளிவந்த சிங்க்ளேர் இசட்எக்ஸ்80 பொதியாக 79.95 பவுண்டுக்கும், முழுமையாக்கப்பட்டு 99.95 பவுண்டுக்கும் விற்கப்பட்டது. வாங்குபவரின் உழைப்புக்கு உற்பத்தியாளரே வெளிப்படையாக இருபது பவுண்டு என விலை குறித்த அரிய நிகழ்வு இது. பின்வந்த விலைப்பட்டியல்களில் அத்தகைய நேர்மை காணக்கிடைப்பதில்லை.

ஆயினும் இன்றைய தொகுப்புக்கு மூலம் அந்தப் பற்றவைப்புப் பொதிகள் அல்ல. 1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் அறிமுகப்படுத்திய 5150 எனும் கணினியே. குறுகிய காலத்தில் சந்தைக்கு வர விரும்பிய அந்நிறுவனம் தன் மரபுக்கு மாறாக இன்டெல்லின் 8088 செயலியையும், வெளிச்சந்தையில் கிடைத்த பிற உறுப்புகளையும் பயன்படுத்தியதோடு, விரிவாக்க அட்டைகளுக்கென ஐந்து செருகிடங்களை அமைத்து, சுற்றுவரைபடங்கள் அடங்கிய தொழில்நுட்பக் கையேட்டையும் விலைக்கு வெளியிட்டது. பிறர் படியெடுக்க இயலாதவாறு பதிப்புரிமையால் காக்கப்பட்டிருந்தது, கணினியை விழிப்பூட்டி உறுப்புகளை அறிமுகம் செய்துவைக்கும் 'பயாஸ்' எனும் அடிப்படை நிரல் மட்டுமே. காம்பேக் நிறுவனம் அதற்கு நிகரான நிரலை முற்றிலும் புதிதாக எழுதிக் கொண்டது. 1984-இல் பீனிக்ஸ் நிறுவனம் அத்தகைய நிரலை எவர்க்கும் உரிமம் வழங்கத் தொடங்கியதும் கடைசிப் பூட்டும் திறந்தது. தைவானின் தாய்ப்பலகைகள் உலகச் சந்தையை நிரப்பியது இதன் பின்னரே. அதே 1984-இல் ஆஸ்டின் நகரில் பல்கலைக்கழக விடுதி அறையிலிருந்து மைக்கேல் டெல் தொடங்கிய தொழிலும் கணினிகளுக்கு உறுப்புகள் கூட்டி விற்பதாகவே இருந்தது என்பதால், ஆயத்தக் கணினியின் பெருநிறுவனங்களுள் ஒன்று தொகுப்பின் வயிற்றில் பிறந்தது எனலாம்.

உறுப்புகள் எந்த நிறுவனத்துடையவை ஆயினும் ஒன்றோடொன்று பொருந்தும் என்னும் உறுதியை அளித்தது, இன்டெல் 1995-இல் வெளியிட்ட ஏடிஎக்ஸ் வரையறை. தாய்ப்பலகை 305 மில்லிமீட்டர் நீளமும் 244 மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருத்தல், திருகுத் துளைகள் அமையும் இடங்கள், பின்புற இணைப்பிகளுக்கான திறப்பு, ஒரே முறையில் மட்டுமே செருகத்தக்க மின் இணைப்பி ஆகியவற்றை அது வகுத்தது. அதற்கு முன்பிருந்த ஏடி வகையில் மின்வழங்கியிலிருந்து வந்த இரு இணைப்பிகளை இடம் மாற்றிச் செருகினால் பலகை கருகிவிடும். கறுப்புக் கம்பிகள் நடுவில் அடுத்தடுத்து வரவேண்டும் என்பது அக்காலத் தொகுப்பாளர் முதலில் கற்ற பாடம். வரையறை வந்த பின்னும் ஆயத்தக் கணினி நிறுவனங்கள் அதை முழுமையாகப் பின்பற்றவில்லை. 1990களின் இறுதியில் டெல் கணினிகள் சிலவற்றில் தோற்றத்தில் ஏடிஎக்ஸ் இணைப்பியை ஒத்தும் கம்பி வரிசையில் மாறுபட்டும் அமைந்த இணைப்பி இருந்தமையால், கடையில் வாங்கிய மின்வழங்கியை அவற்றில் பொருத்துவது கேடாய் முடியும். ஆயத்தக் கணினியின் ஆயுள் குறுகுவதற்கு வேகக்குறைவைவிட இத்தகைய தனித்த உறுப்புகளே பெரிதும் காரணமாகின்றன.

இந்தியாவில் 1984 நவம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய கணினிக் கொள்கை உறுப்பு இறக்குமதியை எளிதாக்கியபோது, தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த சிவ் நாடாரும் நண்பர்களும் 1976-இல் நிறுவிய எச்சிஎல் உள்ளிட்ட உள்நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டு உறுப்புகளைக் கொணர்ந்து இணைத்துத் தம் பெயரில் விற்றன. ஆயத்தம் எனப் பெயர்பெற்ற பல கணினிகள் உள்ளே தொகுப்பாகவே இருந்த நிலையில், அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவின் வானொலிப் பாகக் கடைகள் கணினிப் பாகக் கடைகளாக மாறி, அதே பொருளை முத்திரைக்குரிய கூடுதல் விலையின்றி அளித்தன. வளைகுடாவுக்குப் பணிக்குச் சென்ற தமிழருள் பலர் இந்தத் தெருவில் பெற்ற பழக்கத்தோடு சென்றவர்கள்.

வளைகுடாவில்

வளைகுடாவின் கணினி வரலாறு, இதற்கு எதிர்த்திசையில், மூடிய ஆயத்தக் கணினியிலிருந்து தொடங்குகிறது. குவைத்தைச் சேர்ந்த முகம்மது அல் ஷாரிக் 1980களின் தொடக்கத்தில் அல் ஆலமிய்யா நிறுவனத்தின் வழியே உருவாக்கிய 'சக்ர்' கணினிகள், மைக்ரோசாஃப்ட்டும் ஜப்பானின் ஆஸ்கி நிறுவனமும் 1983-இல் அறிவித்த எம்எஸ்எக்ஸ் எனும் பொதுத்தரத்தைத் தழுவியவை. யமஹா முதலிய நிறுவனங்கள் தயாரித்த அவற்றில் அரபு எழுத்தும் வலமிருந்து இடமாக எழுதும் வசதியும் உள்ளமைக்கப்பட்டிருந்தன. விசைப்பலகையும் கணினியும் ஒரே உடலாக, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துப் பயன்படுத்தத்தக்கவையாக அவை அரபு நாடுகளின் வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவின. 1990-இல் ஈராக் குவைத்தை ஆக்கிரமித்ததை அடுத்து நிறுவனம் கெய்ரோவுக்கு இடம்பெயர்ந்து மென்பொருளில் கவனம் செலுத்தியது. 2024-இல் மறைந்த அல் ஷாரிக், அரபுக் கணினியியலின் முன்னோடியாகப் போற்றப்படுகிறார்.

தொகுப்பு வேரூன்றியது வணிகத் துறைமுகத்தின் துணையால். 1979-இல் திறக்கப்பட்ட ஜபல் அலி துறைமுகமும், 1985-இல் அதனோடு அமைக்கப்பட்ட தடையில்லா வணிக மண்டலமும், தைவான், ஹாங்காங், சிங்கப்பூர் சரக்குகளை இறக்கி ஈரானுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மறுஏற்றுமதி செய்யும் இடைநிலையமாகத் துபாயை ஆக்கின. 1981-இல் துபாய் உலக வர்த்தக மையத்தில் தொடங்கிய கைடெக்ஸ் கண்காட்சி மொத்த வணிகரை ஒன்றுகூட்டியது. பர் துபாயின் காலித் பின் அல் வலீத் சாலையும் அதை அடுத்த மன்கூல் சாலையின் அல் ஐன் சென்டரும் கணினிக் கடைகளின் திரளால் பெயர்பெற்றன. கப்பலேற இருக்கும் மொத்தச் சரக்கிலிருந்தே சில்லறைக்கும் எடுத்துத் தருவது இச்சந்தையின் இயல்பாகையால், ஒரு தாய்ப்பலகை வாங்க வந்தவரும் நூறு வாங்க வந்தவரும் ஒரே கடைவாசலில் நிற்பர்.

விலையின் நிலைத்தன்மைக்கு நாணயமும் ஒரு காரணம். டாலருக்கு 3.6725 திர்ஹம் என்னும் மாறா மதிப்பு 1997 முதல் நடைமுறையில் இருப்பதால், டாலரில் விலை குறிக்கப்படும் உறுப்புகள் திர்ஹமில் பெரிதும் மாறுவதில்லை. இந்தியாவில் ரூபாய் சரியும்போதெல்லாம் உயரும் விலையோடு இதை ஒப்பிடலாம். 2018 ஜனவரி 1 முதல் விதிக்கப்படும் மதிப்புக்கூட்டு வரி 5 விழுக்காடு. இந்தியாவில் கணினிக்கான சரக்கு மற்றும் சேவை வரி 18 விழுக்காடு.

அஜ்மானில் கொள்முதல்

வாடகை குறைவு என்பதால் அஜ்மானில் குடியிருந்து ஷார்ஜாவிலும் துபாயிலும் பணிபுரிவோர் பலர். 'பெட் ஸ்பேஸ்' எனப்படும் பகிர்வு அறைகளில் மேசைக்கே இடமில்லாதபோது மேசைக்கணினி என்னும் பேச்சுக்கே இடமில்லை. எனவே தொகுப்புக் கணினி குடும்பத்தோடு வாழ்வோர், சிறு அலுவலகத்தார், அச்சு மற்றும் தட்டச்சு நிலையத்தார் ஆகியோரின் பொருளாகவே உள்ளது. கடையில் முதலில் பெறப்படுவது 'கொட்டேஷன்' எனும் விலைக்குறிப்பு. அதில் ஒவ்வோர் உறுப்பும் தனி வரியில், தனி உத்தரவாதத்தோடு இருக்கும். இன்டெல்லின் பெட்டியிட்ட செயலிக்கு வழக்கமாக மூன்று ஆண்டுகள், நினைவகத்துக்குப் பல நிறுவனங்கள் வாழ்நாள் முழுதும். ஆயத்தக் கணினிக்கோ முழுப்பெட்டிக்கும் சேர்த்துப் பெரும்பாலும் ஓராண்டு. பின்னதில் பழுது எதுவாயினும் ஒரே இடத்தில் முறையிடலாம் என்பது உண்மையே. முன்னதில் பழுதான உறுப்பை முதலில் கண்டறிய வேண்டும். அதிகாரப்பூர்வ முகவர் வழியன்றி வந்த உறுப்புக்கு உள்நாட்டு உத்தரவாதம் செல்லாமல் போகலாம் என்பதால் பற்றுச்சீட்டில் உறுப்பின் தொடர் எண்ணை எழுதி வாங்குவது அறிந்தோர் வழக்கம்.

இடத்தின் இயற்கையும் தேர்வில் பங்குகொள்கிறது. கோடையில் 45 பாகை செல்சியசைத் தாண்டக்கூடிய வெப்பமும், மென்தூசியும், கடலோர ஈரப்பதமும் சேர்ந்த அஜ்மானில் குளிரூட்டிய அறையிலும் தூசி கணினிக்குள் படியும். கழற்றிக் கழுவத்தக்க வடிவலையும், காற்றை வெளியே இழுப்பதைவிட உள்ளே மிகுதியாகத் தள்ளும் விசிறி அமைப்பும் உடைய கேபினெட்டைத் தொகுப்பவர் தேர்ந்துகொள்ளலாம், ஆயத்தக் கணினி வாங்குபவருக்கு அந்த வாய்ப்பு அரிது. தமிழ்நாட்டில் 2010ஆம் ஆண்டை ஒட்டிய நெடிய மின்வெட்டுக் காலத்தில் கணினியோடு பிரிக்க முடியாததாயிருந்த 'யுபிஎஸ்', அஜ்மானில் இன்றியமையாததன்று. மின்னழுத்தம் இந்தியாவைப் போன்றே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்செருகி மட்டும் பிரிட்டிஷ் வகைச் செவ்வக முனைகள் மூன்றுடையது என்பதால் ஊர் திரும்பியபின் மின்கம்பியை மாற்றினால் போதும்.

மென்பொருள் உரிமத்தில் ஆயத்தக் கணினிக்கு மேலான இடம் உண்டு. 2012-இல் வெளிவந்த விண்டோஸ் 8 முதல் ஆயத்தக் கணினிகளில் உரிமச் சாவி தாய்ப்பலகையின் நிரலகத்திலேயே பொதியப்பட்டு வருகிறது. தொகுப்புக் கணினிக்கு உரிமம் தனிச் செலவு. அச்செலவைத் தவிர்க்கப் போலி நகலை ஏற்றித் தருவது ஒரு காலத்தில் கடைகளின் பொதுவழக்கமாக இருந்தது. அமீரகத்தில் 1992-இன் 40ஆம் எண் கூட்டாட்சிச் சட்டத்தாலும், அதன் இடத்தில் வந்த 2002-இன் 7ஆம் எண், 2021-இன் 38ஆம் எண் சட்டங்களாலும் இது குற்றமாகும். இங்கு விற்கப்படும் விசைப்பலகைகளில் ஆங்கிலத்தோடு அரபு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்து ஏற்கப்பட்ட தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வோர் பொறிப்பைப் பாராமலேயே பழகியவர்கள் என்பதால் அவர்களுக்கு இது இடையூறாவதில்லை.

தாயகம் திரும்பும் தமிழருக்கு எழும் கேள்வி, கணினியை எப்படிக் கொண்டுசெல்வது என்பது. இந்தியச் சுங்க விதிகள் பதினெட்டு வயது நிறைந்த பயணி ஒருவருக்கு ஒரு மடிக்கணினியைப் பொதுச் சலுகைக்குப் புறம்பாகத் தீர்வையின்றி அனுமதிக்கின்றன. மேசைக்கணினிக்கு அத்தனிச் சலுகை இல்லை. தொகுப்புக் கணினி உடையவர் கனத்த கேபினெட்டை நண்பருக்கு விட்டுவிட்டுச் செயலி, தாய்ப்பலகை, நினைவகம், சேமிப்பகம் ஆகியவற்றைச் சிறு பொதியில் அடக்கி, ஊரில் புதுக் கேபினெட்டில் ஏற்றிக்கொள்ளலாம். ஆயத்தக் கணினிக்கு இது பொருந்தாது. அது முழுதாகச் செல்லும், அல்லது முழுதாக விற்கப்படும்.

இன்றைய நிலை

மடிக்கணினியும் கைப்பேசியும் பரவியபின் மேசைக்கணினியின் இடம் விளையாட்டு, காணொளித் தொகுப்பு, கணக்குப்பதிவு ஆகியவற்றுக்குள் சுருங்கியுள்ளது. 2021-இல் எண்ம நாணயம் தோண்டுவோர் வரைகலை அட்டைகளை வாரிக்கொண்டதால் அட்டைக்காகவே ஆயத்தக் கணினியை வாங்கியவர்கள் உண்டு. 2022 செப்டம்பரில் அந்நாணயங்களுள் ஒன்றாகிய எதீரியம் தோண்டும் முறையைக் கைவிட்டதும் அத்தேவை தணிந்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை ஏறிய நிலையில், 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் குருசியல் என்னும் பெயரிலான தன் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது.