குடவோலையும் கணக்கோலையும்

பனவடலிசத்திரத்திலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் மானூர் என்றோர் ஊர் உள்ளது. ஊர்ச்சபையின் நடைமுறையைக் கூறும் பழமையான தமிழ்க் கல்வெட்டுகளுள் ஒன்று அங்குதான் கிடைத்தது. பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ கி.பி. 800இல், பொறிக்கப்பட்டது அது. சபையில் இடம்பெற நிலப்பங்கும் வேதக் கல்வியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்கிறது. எதனையும் மறுத்தே பேசிக் காரியத்தைக் கெடுப்போருக்கு 5 காசு தண்டம் விதிக்கிறது. சபையில் யார் பேசலாம் என்பதே அதன் கவலை. செலவிட்ட பொருளுக்கு யார் விடை கூறுவது என்பதன்று.

அவ்வினாவுக்கு விடை காண வடக்கே உத்திரமேரூர் வரை செல்ல வேண்டும். வைகுண்டப் பெருமாள் கோயிலிலுள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) பாடநூல்கள் வாயிலாக நாம் அனைவரும் அறிந்தவை. 30 குடும்புகள், ஓலை நறுக்குகள், குடம், ஓலையை எடுக்கும் சிறுவன் என்று தேர்தல் முறையை வியந்து பேசுகிறோம். ஆனால் அதே கல்வெட்டு கணக்கைப் பற்றிக் கூறுவதை மேடைகளில் எவரும் எடுத்துரைப்பதில்லை.

முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயர் குடவோலையில் எழுதப்படாது. அவர் மட்டுமல்லர், தந்தை, மகன், மாமன், மருமகன், அத்தை மக்கள் என விரியும் உறவினர் பட்டியலே விலக்கப்படுகிறது. கணக்கெழுதுவோருக்கும் தனி விதி உண்டு. நேர்மையாகப் பொருளீட்டியவரே கணக்கெழுத வேண்டும். எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் காட்டிச் ‘சுத்தன்’ எனத் தெளிந்த பின்னரே அவர் மீண்டும் அப்பணிக்கு வரலாம். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கர் புகுந்து அதனை ‘ஒடுக்க’, அதாவது முடித்து ஒப்படைக்க, இயலாது.

ஏரி வாரியத்தில் 6 பேர், பொன் வாரியத்தில் 6 பேர், தோட்ட வாரியத்தில் 12 பேர் எனப் பொதுப்பொருள் பல கைகளில் புழங்கிய ஊர் அது. மனிதரின் நற்பண்பை மட்டும் நம்பினால் போதாது என்று அச்சபை அறிந்திருந்தது. எனினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேயம். கணக்கைக் கேட்கும் உரிமை நிலமும் கல்வியும் உடைய ஆடவர்க்கே இருந்தது. ஏரியில் மண் சுமந்தவர்க்கும் வயலில் உழைத்தவர்க்கும் அந்த ஓலையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வழியில்லை.

நம் ஊர்ப்பெயரில் நிலைத்துவிட்ட ‘சத்திரம்’ என்னும் சொல் பிற்காலத்து மாற்றமொன்றை நினைவூட்டுகிறது. கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் விடப்பட்ட மானியங்கள் கொடையாளரின் நோக்கத்திற்கு மாறாகச் செலவிடப்படுகின்றன என்று கூறி, சென்னை மாகாண அரசு 1817இல் 7ஆம் ஒழுங்குவிதியை இயற்றியது. மேற்பார்வை வருவாய் வாரியத்தின் கைக்குச் சென்றது. ஊரார் முன் காட்ட வேண்டிய கணக்கு மேலே, அலுவலகத்தை நோக்கிப் பயணப்பட்டது. கேட்பவர் ஊருக்குத் தொலைவிலானார்.

73ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து 1994இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இப்பயணத்தைத் திருப்ப முயன்றது. வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். ஊராட்சியின் வரவு செலவுத் திட்டமும் தணிக்கை அறிக்கையும் அச்சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும். உத்திரமேரூரில் வாய்மூடி நின்றவரின் வழித்தோன்றலுக்கும் இன்று கேட்கும் உரிமை உண்டு. இதனைச் சிறு பேறு எனக் கொள்ளலாகாது.

ஆயினும் தீர்மானப் புத்தகத்தில் கையொப்பமிட்டுக் கலைவது மட்டுமே கிராம சபையாகிவிட்டால், விரிந்த உரிமையால் என்ன பயன்? ஒருவன் தவற்றுக்கு உறவினரைத் தண்டிக்கும் பழைய விதி நமக்கு வேண்டாம், அது நீதியுமன்று. ஆனால் எழுதியவரே வந்து காட்ட வேண்டும், காட்டித் தெளிந்த பின்னரே மீண்டும் பொறுப்பு என்னும் இரண்டும் எக்காலத்துக்கும் உரியன. நாம் குடத்தைப் போற்றினோம், ஓலையை மறந்தோம். அடுத்த கிராம சபையில் எவரேனும் ஒருவர் எழுந்து கணக்கை வரிவரியாக வாசிக்கக் கேட்பாராயின், உத்திரமேரூர்ச் சுவரில் எழுதியதைவிட ஒரு படி மேலான செயல் அதுவாகும்.