எல்லாம் மாஸ்க்தானே? – ஒரு பினாங்கு டாக்டரின் கதையும் நம்ம கோயில் ஸ்டோரும்

கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையா படிங்க, தொண்டு செய்யும் பிள்ளைகளுக்கும் அனுப்புங்க.

போன வாரம் கோயில் ஸ்டோரைச் சுத்தம் செய்தோம். கோவிட் காலத்தில் உபயமாக வந்த முகக்கவசங்கள் இன்னும் பெட்டி பெட்டியாக இருந்தன. நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க், துணியில் தைத்தது, கிண்ணம் மாதிரி வெள்ளை என்95. "எல்லாம் மாஸ்க்தானே அண்ணே, ஒரே பெட்டியில போட்டுடலாமா?" என்று ஒரு தம்பி கேட்டார்.

எங்களில் மூத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காரணம், சென்ற கும்பாபிஷேகத்துக்கு முன் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கோபுரத்தில் பழைய வர்ணத்தைச் சுரண்ட ஏறிய பிள்ளைகளுக்கு நீல மாஸ்க்கைக் கொடுத்து அனுப்பினோம். இறங்கி வந்தபோது மூக்குக்குள் எல்லாம் வர்ணத் தூள். ஒருவருக்கு இரண்டு வாரம் இருமல் நிற்கவில்லை. தப்பு எங்களுடையது. ஏன் தப்பு என்று தேடிப் படித்தபோதுதான் இந்த வரலாறு கிடைத்தது.

முகத்தை மூடும் பழக்கம் இரண்டு தனித்தனி வழிகளில் வளர்ந்திருக்கிறது.

ஒன்று, மூடியவர் தன்னைக் காத்துக்கொள்ள. ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே, சிவப்புச் சாயத் தூளில் வேலை செய்தவர்கள் விலங்கின் சவ்வை முகத்தில் கட்டிக்கொண்டதைக் குறித்து வைத்திருக்கிறார். 1854-இல் ஜான் ஸ்டென்ஹவுஸ் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் கரித்தூள் வைத்த கவசம் செய்தார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் குளோரின் வாயு விடப்பட்ட பிறகு, வாயுக் கவசம் போர்வீரர்களுக்கு அவசியமாகிவிட்டது.

இன்னொன்று, எதிரில் இருப்பவரைக் காக்க. 1897-இல் பாரிஸில் பால் பெர்ஜே, பிரெஸ்லாவில் யோஹான் மிக்குலிக்ஸ் ஆகிய அறுவை மருத்துவர்கள் மெல்லிய வலைத்துணியை வாயில் கட்டிக்கொண்டு அறுவை செய்தார்கள். தங்கள் எச்சில் துளி நோயாளியின் புண்ணில் விழக்கூடாது என்பதுதான் நோக்கம். இன்றைய நீல மாஸ்க் இந்த வழியில் வந்தது.

இந்த இரண்டு வழிகளும் சந்தித்த இடத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நிற்கிறார். டாக்டர் வூ லியன் தே. 1879-இல் பினாங்கில் பிறந்தவர், பொற்கொல்லரின் மகன். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குவீன்ஸ் உபகாரச் சம்பளம் வாங்கி கேம்பிரிட்ஜ் போய் மருத்துவரானார்.

1910 டிசம்பரில் சீன அரசு அவரை மஞ்சூரியாவின் ஹார்பின் நகருக்கு அனுப்பியது. அங்கே கொள்ளைநோய். அப்போது அவருக்கு வயது 31. எலியும் தெள்ளுப்பூச்சியும்தான் பரப்புகின்றன என்று எல்லாரும் நம்பினார்கள். வூ ஆராய்ந்து பார்த்து, இது நுரையீரலைத் தாக்கும் வகை, மூச்சு வழியே ஆளுக்கு ஆள் தொற்றுகிறது என்றார். இரண்டு மடிப்பு வலைத்துணிக்கு நடுவே கனமான பஞ்சை வைத்து, துணியின் ஓரங்களை வால்களாகக் கிழித்து, தலைக்குப் பின்னால் இறுக்கிக் கட்டும் கவசத்தைச் செய்தார். மருத்துவர், தாதி, பிணம் தூக்குபவர் எல்லாரும் கட்டவேண்டும் என்றார்.

மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை ஏற்கவில்லை. வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர். கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயால் இறந்தார். அதன் பிறகுதான் ஊரே கவசம் கட்டியது. உறைந்த மண்ணில் புதைக்க முடியாமல் கிடந்த 2,000-க்கும் மேற்பட்ட உடல்களை, பேரரசரின் அனுமதி பெற்று எரித்தார்கள். மார்ச் மாதம் ஹார்பினில் நோய் அடங்கியது. அந்தக் கொள்ளைநோயில் மஞ்சூரியாவிலும் சுற்றிலும் இறந்தவர்கள் சுமார் 60,000 பேர்.

வூ 1935-இல் மருத்துவ நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். 1937-இல் மலாயா திரும்பி ஈப்போவில் கிளினிக் வைத்து சாதாரண மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1960-இல் பினாங்கில் காலமானார். ஈப்போ அன்பர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி நம்ம ஸ்டோரில் இருந்த வெள்ளைக் கிண்ணத்துக்கு வருவோம். 1950-களின் இறுதியில் சாரா லிட்டில் டர்ன்புல் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர், நெய்யாத துணியை அச்சில் வார்த்துக் கிண்ணம்போல் முகக்கவசம் செய்யலாம் என்று 3எம் நிறுவனத்துக்கு யோசனை தந்தார். 1961-இல் அது வெளிவந்தது. ஆனால் கிருமியைத் தடுக்கவில்லை என்று தெரிந்ததும் தூசுக் கவசமாகத்தான் விற்றார்கள். கிண்ணம் மாதிரி இருப்பதெல்லாம் என்95 ஆகாது என்பதை அப்போதே பார்த்துவிட்டார்கள். தொழிலாளர்களுக்கான தரச் சோதனையில் தேறி, ஒருமுறை அணியும் சுவாசக் கவசம் 1972-இல் வந்தது. 1990-களில் தைவானில் பிறந்த பீட்டர் சாய், அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில், வடிகட்டி இழைக்கு மின்னூட்டம் ஏற்றும் முறையைச் செம்மையாக்கினார். என்95 என்ற தரப்பெயர் 1995-இல் வந்தது. 'என்' என்றால் எண்ணெய்ப் புகையைத் தாங்காது, '95' என்றால் 0.3 மைக்ரான் அளவுள்ள துகளில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிக்கும்.

இது சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டு ஒட்டுமே, அதே மாதிரி இழையில் உள்ள மின்னூட்டம் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரில் அலசினாலோ ஆல்கஹால் தெளித்தாலோ அந்தச் சக்தி கெட்டுவிடும். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும்!

இதையெல்லாம் விட முக்கியமானது, ஓரம். நீல மாஸ்க்கில் கன்னத்தோரம் இடைவெளி இருக்கும். மூச்சை இழுக்கும்போது காற்று சுலபமான வழியைத்தான் தேடும், துணியை விட்டு இடைவெளி வழியே தூசோடு உள்ளே போகும். நம்ம தம்பியின் இருமல் வந்த வழி அதுதான். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746 வரை போய் அவசரநிலை அறிவித்தார்களே, அந்தப் புகைமூட்டத்திலும் நம்மில் பலர் நீல மாஸ்க்கை நம்பித்தான் வெளியே போனோம்.

அதனால் நம்ம கோயிலில் இனி இப்படி:

கூட்டத்தில் அன்னதானம் பரிமாறும்போது, சளி இருமல் உள்ளவர் வரும்போது – நீல மாஸ்க் போதும். அது மற்றவர்களுக்குச் செய்யும் மரியாதை.

புகைமூட்ட நாளில் வெளிவேலை, ஸ்டோர் தூசு, புறா எச்சம் – என்95. போட்டதும் இரண்டு கையால் மூடி ஊதிப் பாருங்க. ஓரத்தில் காற்று கசிந்தால் சரிசெய்த பிறகுதான் வேலை.

பழைய வர்ணம் சுரண்ட – அதில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தெளித்துவிட்டுச் சுரண்டணும். பி100 வடிகட்டி பொருத்திய ரப்பர் அரைமுகக் கவசம் வாங்கிக்கொடுப்பது நிர்வாகத்தின் கடமை. தின்னர், ஸ்ப்ரே வர்ண வாசனைக்குக் கரி வடிகட்டி வேண்டும், என்95 உதவாது.

ஹோமப் புகை – கரித்துகளை என்95 பிடிக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடை இவற்றில் எதுவுமே பிடிக்காது. கதவு, ஜன்னலைத் திறங்க. தலை சுற்றினால் உடனே வெளியே வாங்க.

ஒரு சங்கடமான விஷயமும் சொல்லிடுறோம். தைப்பூச விரதத்துக்குத் தாடி வளர்க்கும் அன்பர்களுக்கு என்95 முகத்தில் ஒட்டாது. விரதத்தைக் கலைக்கச் சொல்லவில்லை. அந்த மாதத்தில் கோபுரம் ஏறாதீங்க, பூ தொடுக்க, காய் நறுக்க வாங்க. தொண்டில் உயர்வு தாழ்வு இல்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு இப்போது ஸ்டோரில் மூன்று தனிப் பெட்டிகள் இருக்கின்றன, மேலே பெயர் எழுதி. காலாவதியான என்95-ஐயும் வார் தளர்ந்ததையும் எடுத்துப் போட்டுவிட்டோம். அரைமுகக் கவசம் ஆறு தேவைப்படுகிறது. அடுத்த திருப்பணிக்கு முன் உபயம் செய்ய விரும்பும் அன்பர்கள் அலுவலகத்தில் சொல்லுங்க. சாமிக்கு வர்ணம் பூசப் போற பிள்ளைகள் நல்லபடியா வீடு திரும்பணும், அவ்வளவுதான்.